மாதுர், மன், மென்: ஒரு ‘மனிதன்’ ஏன் இத்தனை வேஷம் போடுகிறான்?

ஐஸ்லாந்து மொழி படிக்கத் தொடங்கிய முதல் வாரமே என்னைக் கவிழ்த்த சொல் ‘மாதுர்’. மனிதன் என்று பொருள். அந்தத் ‘து’வை ‘அது’வில் வருகிற மாதிரி மென்மையாகச் சொல்லுங்கள். பாடத்தில் ‘மொன்னும்’ என்று வந்தது. அகராதியில் அரைமணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை, அதுவும் இதே மாதுர்தான் என்று யாருக்குத் தெரியும்!

முதல் வேலை: எழுவாயை விட்டுவிட்டு இரண்டாம் வேற்றுமையில் தொடங்குங்கள். அங்கே பிள்ளைகள் ஒப்பிக்கிற வரிசை இது: ஹ்யேர் எர் மாதுர், உம் மன், ஃப்ரௌ மன்னி, டில் மன்ஸ். இதோ மனிதன், மனிதனைப் பற்றி, மனிதனிடமிருந்து, மனிதனிடம். பாருங்கள், எழுவாயைத் தவிர எல்லாவற்றிலும் ‘மன்’தான் இருக்கிறது.

அப்புறம் ‘து’ எங்கிருந்து வந்தது? நான் மாட்டிக்கொண்ட இடமே இதுதான். ஐஸ்லாந்து மொழிக்குத் தாயான பழைய நார்ஸ் மொழியில் எழுவாய்க்கு ‘ர்’ விகுதி. மன் + ர் சேர்ந்தபோது ‘ன்’ திரிந்து ‘மத்ர்’ ஆனது. பொன் + குடம் பொற்குடம் ஆகவில்லையா, அந்த மாதிரி புணர்ச்சிதான். பின்னால் உச்சரிக்க வசதியாக ஓர் உகரம் நுழைந்து மாதுர். மற்ற வேற்றுமைகளில் ‘ர்’ இல்லை, அதனால் ‘ன்’ தப்பித்தது.

பன்மை: மென், மென், மொன்னும், மன்னா. ‘மென்’னுக்குப் பின்னால் ஒரு காலத்தில் இகரம் இருந்தது, அது முன்னால் இருந்த அகரத்தை எகரமாக இழுத்துவிட்டு உதிர்ந்துபோனது. ‘மொன்னும்’மில் அந்த வேலையைச் செய்தது உகரம். (‘மொ’ என்பது ஒப்புக்குத்தான், உதட்டைக் குவித்து ‘மெ’ சொல்லுங்கள்.)

ஸ்வீடன், டென்மார்க், நார்வே மூன்றிலும் இன்று ‘மன்’, பன்மை ‘மென்’, அவ்வளவுதான். ‘அந்த மனிதன்’ என்பதற்குச் சுட்டும் கடைசியில்தான் ஒட்டும்: மன்னென். ஐஸ்லாந்தில் மாதுரின்.

தேட அச்சு அகராதி வேண்டாம். ரெய்க்யவிக்கின் ஆர்னி மாக்னுசொன் நிறுவனம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் ‘பீன்’ என்கிற சொல்வடிவத் தொகுப்பு போதும். ‘மொன்னும்’ என்று அடித்தாலே மாதுரிடம் கொண்டுபோய் விடும்.

பின்சேர்க்கை: டேனிஷில் ‘மன்’னின் கடைசியில் ‘ட்’ எழுதியிருக்கிறதே என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். எழுதுங்கள், சொல்லாதீர்கள். ஃபரோ தீவில் ஐஸ்லாந்துக்காரர் மாதிரியே மாதுர் என்று எழுதிவிட்டு, வாசிக்கும்போது அந்தத் ‘த்’ ஒலியை விழுங்கிவிடுகிறார்கள்.