பல்பும் திரையும்: கெல்வின் பார்த்து அமைப்பது எப்படி?

பல்பு வாங்கும்போது வாட்ஸ் மட்டும் பார்க்காதீர்கள்; அட்டைப்பெட்டியில் வெளிச்சத்தின் நிறத்தைக் காட்டும் கெல்வின் (K) எண்ணையும் தேடுங்கள். 2700 முதல் 3000 வரை மஞ்சள் வெளிச்சம், 4000 நடுத்தர வெள்ளை, 6500 நீலம் கலந்த வெள்ளை. பிரகாசத்துக்கு லூமன் எண் தனியாக இருக்கும். படுக்கையறைக்கு 2700 போதும். சமையலறைக்கும் படிக்கும் மேசைக்கும் 4000 நல்லது.

ஒரே அறையில் 2700-ஐயும் 6500-ஐயும் கலந்து மாட்டவே வேண்டாம். கண் ஒன்றுக்குப் பழகிவிடும். மற்றது அழுக்கு மஞ்சளாகவோ வெளிறிய நீலமாகவோ தெரியும். பல்பு போய்விட்டால், பழையதன் அடிப்பகுதியில் அச்சிட்ட எண்ணைப் பார்த்து அதையே வாங்குங்கள். நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான சிஆர்ஐ (CRI) எண் 90 இருந்தால் இன்னும் நல்லது, துணியின் சிவப்பு மங்கலாகத் தெரியாது.

கணினி, போன் திரைகள் பெரும்பாலும் 6500-ஐ ஒட்டியே வருகின்றன. அதனால்தான் மஞ்சள் விளக்கின் கீழ் நீலமாகத் தெரிகின்றன. இரவில் ஒரு வெள்ளைத் தாளை, விளக்கு வெளிச்சம் படும்படி திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். டிஸ்ப்ளே அமைப்பில், திரையை மஞ்சளாக்கும் நைட் லைட் வசதியைப் போட்டு, திரையில் உள்ள வெற்றுப் பக்கம் தாளின் நிறத்தை நெருங்கும்வரை ஸ்லைடரை நகர்த்துங்கள். பிரகாசத்தையும் தாளின் அளவுக்குக் குறையுங்கள். நிறத்தை மட்டும் மாற்றினால் கண்கூச்சம் போகாது. புகைப்படம் திருத்தும் முன் நைட் லைட்டை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மஞ்சளைக் குறைக்கப் போய்ப் படம் நீலம் பாரித்துவிடும்.