ஆதித்த கரிகாலன் கொலை: ஒரு கல்வெட்டை நடுநிலையோடு படிப்பது எப்படி?

சுந்தர சோழரின் மூத்த மகன், முதலாம் இராசராசனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? நம்மில் பலருக்குப் பதில் கைவசம் இருக்கும். நாவலும் சினிமாவும் தந்த பதில்தான். அதை ஓரமாக வைத்துவிட்டு, காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டை எடுத்துக்கொள்வோம்.

1. இந்தக் கல்வெட்டை எதற்காக வெட்டினார்கள்?

புதியவர்கள் தாவிவிடும் படி இது. 'பாண்டியனைத் தலைகொண்ட கரிகாலசோழனைக் கொன்று துரோகிகளான' சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோர், அவர்கள் உறவினர்கள் ஆகியோரின் நிலங்களைப் பறித்து விற்கும்படி வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு வந்த அரசாணை இதில் இருக்கிறது. அந்த நிலத்தை விலைக்கு வாங்கிய ஒருவர் அறத்துக்குக் கொடுத்தார். அந்தக் கொடையைப் பதியும்போதுதான் ஆணையும் கல்லில் ஏறியது. ஆக, இது கொலை விசாரணை அறிக்கை இல்லை, நிலப் பத்திரம். 'ஏன் கொன்றார்கள் என்று சொல்லவில்லையே, எதையோ மறைக்கிறார்கள்' என்று இதைப் பார்த்துச் சந்தேகப்படுவதில் அர்த்தமில்லை.

2. காலத்தைப் பிடியுங்கள்

கல்வெட்டில் இருப்பது 'இராசகேசரி, 2ஆம் ஆண்டு' மட்டும். சோழர்கள் இராசகேசரி, பரகேசரி என்று பட்டத்தை மாற்றி மாற்றிச் சூடியவர்கள். சுந்தர சோழரும் இராசகேசரிதான், ஆனால் அவருடைய 2ஆம் ஆண்டில் ஆதித்தன் உயிரோடு இருந்தான். அடுத்து வந்த உத்தம சோழர் பரகேசரி. மிஞ்சுவது 985இல் பட்டமேறிய முதலாம் இராசராசன்.

3. கல் சொன்னது வேறு, நாம் ஊகிப்பது வேறு

நோட்டில் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம்: துரோகிகளின் பெயர், நிலப் பறிமுதல், ஆண்டு. வலப்பக்கம்: 'உத்தம சோழர் தம் ஆட்சிக் காலம் முழுக்கச் சும்மா இருந்தார், அதனால் அவருக்கும் பங்குண்டு.' கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி இப்படிச் சந்தேகப்பட்டார். பெரிய அறிஞர்தான், ஆனாலும் அது வலப்பக்கத்துச் சரக்கு. இதுதான் முதல் தண்டனை என்று கல்வெட்டு எங்கும் சொல்லவில்லை. முன்பே சிலர் தண்டிக்கப்பட்டு, நில விவகாரம் மட்டும் இழுத்துக்கொண்டு கிடந்திருக்கலாம். இதுவும் ஊகம்தான், அதே பக்கத்தில் எழுதுங்கள்.

4. இன்னொரு சாட்சி

இராசராசனின் மகன் இராசேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு, ஆதித்தன் விண்ணுலகம் போனான் என்று கவிதையாய் முடித்துக்கொள்கிறது. சிற்றப்பன் உத்தமர் அரியணையை விரும்பும்வரை தனக்கு அது வேண்டாம் என்று அருண்மொழி (பின்னாளில் இராசராசன்) ஒதுங்கினாராம். எழுதியது மகனின் அரசவை, அதுவும் சுமார் அரை நூற்றாண்டு கழித்து. அருண்மொழியின் பெருந்தன்மையை அப்படியே நம்பிவிட வேண்டியதில்லை. உத்தமருக்கு அரியணை ஆசை இருந்தது என்ற பேச்சு அரண்மனையிலேயே இருந்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டிய செய்தி.

5. உங்கள் முடிவுக்கு எதிரானதைத் தேடுங்கள்

உத்தமர்தான் குற்றவாளி என்று தோன்றுகிறதா? அவர் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன், இராசராசன் ஆட்சியில் கோயில் நிர்வாகத்தைக் கண்காணிக்கும் பொறுப்பில் இருந்தார். அண்ணனைக் கொன்றவரின் மகனுக்கு இப்படி ஒரு பதவியா? பாண்டியர் சதியா? ரவிதாசனின் பட்டம் 'பஞ்சவன் பிரம்மாதிராசன்'; பஞ்சவன் என்றால் பாண்டியன், எனவே பாண்டியத் தொடர்பு போலத் தெரியும். ஆனால் பரமேசுவரனின் பட்டம் 'இருமுடிச்சோழ பிரம்மாதிராசன்'. இது சோழ அரசின் பட்டம்.

இவ்வளவும் பார்த்தபின் எழுதக்கூடிய வரி இதுதான்: கொன்றவர்களில் சோழ அரசிடம் பட்டம் பெற்ற அதிகாரியும் இருந்தார், பின்னால் இருந்து யாராவது ஏவினார்களா என்பதற்கு நேரடிச் சான்று இல்லை.