சினிமா வரலாற்றை ஆவணப்படமாக எடுக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

சினிமா பிறந்த கதை என்றால் முதல் நிமிடத்திலேயே ஒரு ரயில் வந்துவிடும். 1895 டிசம்பர் 28, பாரிஸ், கிராண்ட் கஃபே, லூமியேர் சகோதரர்கள், திரையில் ரயிலைப் பார்த்த கூட்டம் அலறியடித்து ஓடியது என்று ஒரு கனத்த குரல் சொல்லும். அன்று காட்டிய பத்துப் படங்களின் பட்டியல் இருக்கிறது, அதில் ரயிலே இல்லை. கூட்டம் ஓடியதற்கும் உருப்படியான ஆதாரம் கிடையாது. ஒருவர் எடுத்ததைப் பார்த்து அடுத்தவர் எடுப்பதால் அந்த ரயில் இன்னும் நிற்காமல் ஓடுகிறது. ஏற்கெனவே வந்த ஆவணப்படத்தை ஆதாரமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

இதைவிட மோசமானது, குரல் ஒன்றைச் சொல்லத் திரையில் வேறொன்று ஓடுவது. முதல் தமிழ்ப் பேசும்படமான, 1931-இல் வந்த 'காளிதாஸ்' படத்தின் பிரதி கிடைக்கவில்லை. காட்ட ஒன்றும் இல்லையே என்று பின்னால் வந்த ஏதோ ஒரு படத்திலிருந்து நாலு ஷாட்டை ஒட்டிவிட்டால், பார்ப்பவர் அதைத்தான் 'காளிதாஸ்' என்று நினைப்பார், அப்புறம் அந்தத் துண்டை வெட்டி இன்னொருவர் போடுவார், அதோடு கதை முடிந்தது. பழைய விளம்பரம் கிடைத்தால் காட்டுங்கள், இல்லையென்றால் படம் தொலைந்துபோனதையே சொல்லுங்கள், அதுவும் வரலாறுதானே. இந்திய சினிமாவின் முன்னோடி தாதாசாகேப் பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா'விலும் இதே சிக்கல்தான். 1913-இல் எடுத்த கதையை அவரே 1917-இல் மறுபடி எடுத்தார். எஞ்சியிருக்கும் ரீல்கள் எதைச் சேர்ந்தவை என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே தகராறு.

வேகத்தையும் கவனியுங்கள். கையால் சுற்றிய கேமராவில் நொடிக்கு 16 ஃபிரேம் என்று எடுத்ததை 24-இல் ஓட்டினால் எல்லாரும் தடதடவென்று ஓடுவார்கள். அந்தக் காலத்து மனிதர்கள் அப்படி நடக்கவில்லை.

பேட்டிக்கு வருகிறேன். பழைய எடிட்டர் ஒருவரிடம் "அந்தக் காலம் எப்படி சார் இருந்தது?" என்று நான் கேட்டதற்கு அரை மணி நேரம் பாராட்டு விழா உரைதான் கிடைத்தது. வெறுத்துப்போய், நெகட்டிவை எப்படி ஒட்டுவீர்கள் என்று கேட்டேன். உடனே அவர் கை எழுந்து காற்றில் பிலிமைப் பிடித்தது. பிலிமின் மேல்பூச்சான எமல்ஷனை பிளேடால் சுரண்டுவது, சிமெண்ட் என்கிற பிலிம் பசையைத் தடவுவது, அழுத்திப் பிடித்துக்கொண்டு எண்ணுவது என்று கையே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது, எனக்கு வேண்டிய காட்சியும் அதுதான். ஆனால் அவர் சொன்ன ஆண்டுகளை மட்டும் அப்படியே போடவில்லை. ஆண்டுக்குப் பழைய பத்திரிகை விளம்பரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

கடைசியாகப் பதிப்புரிமை. நம் சட்டப்படி படம் வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். சரி, 1950-களின் படம்தானே என்று தைரியமாகப் பாட்டுக் காட்சியைப் போடாதீர்கள், பாட்டு எழுதியவர் இறந்து 60 ஆண்டு ஆகவில்லை என்றால் அந்த வரிகளுக்கான உரிமை தனியாக உயிரோடு இருக்கும். எடிட்டிங் முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், உங்கள் படத்தின் நல்ல இடத்தில் நாயகி வாயை மட்டும் அசைப்பார்.