சின்ன வீட்டை விற்கப் போகிறீர்களா? விலை வைப்பதில் இருந்து ஆரம்பிப்போம்

எங்கள் வீடு மதுரையில், இரண்டு சென்ட் மனையில் 600 சதுர அடி. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை, வெளிப்பக்கம் மாடிப்படி. கட்டி 22 வருஷம் ஆகியிருந்தது. விற்கலாம் என்று முடிவு செய்தபோது சொந்தத்தில் ஒருவர், "பக்கத்துத் தெருவுல முப்பத்தஞ்சுக்குப் போச்சாம், நீ முப்பத்தொண்ணுக்குக் கீழ இறங்காத" என்றார். 31 லட்சம் என்று சொல்லிவிட்டு ஏழு மாதம் உட்கார்ந்திருந்தோம். வந்தவர்கள் எல்லோரும் "வீட்ல கலந்துட்டுச் சொல்றோம்" என்று போனார்கள். ஒருவரும் திரும்பவில்லை.

பக்கத்துத் தெரு வீடு மூன்று சென்ட், மேலே ஒரு மாடியும் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. அதைவிடப் பெரிய தப்பு, வாங்க வருகிறவர் யார் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. இரண்டு சென்ட் வீடு கேட்டு வருகிறவர் பெரும்பாலும் வாடகை வீட்டில் இருப்பவர், முதல் தடவையாக வாங்குபவர், வங்கிக் கடனை நம்பி வருபவர். அவர் கையில் ரொக்கம் கொஞ்சம்தான் இருக்கும். கீழே சொல்வதெல்லாம் அவரை மனதில் வைத்துத்தான்.

படி 1: மனைக்குத் தனி, கட்டடத்துக்குத் தனி

மொத்தமாக ஒரு விலை தோன்றினால் அதை நம்பாதீர்கள். பிரித்துப் போடுங்கள்.

மனையின் விலை தெரிய மூன்று இடங்களில் பார்க்கலாம். முதலாவது, பதிவுத்துறையின் இணையதளம். உங்கள் தெருவுக்கோ சர்வே எண்ணுக்கோ அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு அதில் இருக்கும். இரண்டாவது, அதே தளத்தில் காசில்லாமல் பார்க்கக்கூடிய வில்லங்க விவரம். உங்கள் சர்வே எண்ணில் சமீபத்தில் நடந்த விற்பனைகளும் பத்திரத்தில் காட்டிய தொகையும் அதில் வரும். பத்திரத்தில் குறைத்துக் காட்டும் பழக்கம் இருந்ததால், இந்தத் தொகையைக் குறைந்தபட்ச விலையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதுதான் உண்மையைச் சொல்லும்: நீங்களே வாங்குகிறவராகப் போய் இரண்டு தரகர்களிடம் விசாரியுங்கள். விற்கிறவரிடம் ஒரு விலையும் வாங்குகிறவரிடம் ஒரு விலையும் சொல்வார்கள். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

எங்கள் பகுதியில் இப்படி விசாரித்ததில் சென்ட் 9 லட்சம் என்று வந்தது. (ஒரு சென்ட் 435.6 சதுர அடி. சென்னைக்காரர்கள் கிரவுண்டில் பேசுவார்கள், அது 2,400 சதுர அடி.) ஆக, இரண்டு சென்ட்டுக்கு 18 லட்சம். இங்கே நான் தரும் தொகைகளைக் கணக்கு புரிவதற்காக வட்டமாக்கியிருக்கிறேன்.

அடுத்து கட்டடம். இன்றைக்கு அதே வீட்டைப் புதிதாகக் கட்ட என்ன ஆகும் என்று ஒரு கொத்தனாரிடம் கேளுங்கள். சதுர அடிக்கு 2,300 என்றால் 600 சதுர அடிக்கு 13.8 லட்சம். இதில் வயதுக்கான தேய்மானத்தைக் கழிக்க வேண்டும். மதிப்பீட்டாளர்கள் பலர் கான்கிரீட் வீட்டுக்கு 60 வருஷம் ஆயுள் என்றும், முடிவில் 10 சதவீதம் மிஞ்சும் என்றும் வைத்துக்கொள்வார்கள். 22 வருஷத்துக்கு 33 சதவீதம் போகும். மிச்சம் ஏறத்தாழ 9.25 லட்சம். மனையும் சேர்ந்து 27.25 லட்சம்.

அப்பா தேக்கில் நிலை வைத்தார், பூஜை அறைக்குக் கிரானைட் போட்டார் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. எனக்கும் அது கஷ்டமாகத்தான் இருந்தது.

படி 2: வாங்குபவரின் பையில் இருந்து பாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் அதிகபட்சம் 90 சதவீதம் தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. வங்கி எடுத்துக்கொள்ளும் மதிப்பு நீங்கள் சொல்லும் விலையல்ல. வங்கியின் மதிப்பீட்டாளர் போடும் தொகை, ஒப்பந்த விலை, இரண்டில் எது குறைவோ அது. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம் செலவாகும். அதையும் அவர் கையில் இருந்துதான் கொடுக்க வேண்டும்.

மதிப்பீட்டாளர் 27 லட்சம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 27 கேட்டால் கடன் 24.3 லட்சம். வாங்குபவர் கையில் இருந்து 2.7 லட்சம், பதிவுக்கு 2.43 லட்சம், மொத்தம் சுமார் 5.1 லட்சம்.

நீங்கள் 31 கேட்டால்? கடன் அதே 24.3தான். கையில் இருந்து 6.7, பதிவுக்கு 2.79. மொத்தம் ஏறத்தாழ 9.5 லட்சம்.

நாம் ஏற்றியது நாலு லட்சம். அவர் புரட்ட வேண்டிய ரொக்கமோ கிட்டத்தட்ட இரட்டிப்பு. வீட்டில் கலந்து பேசப் போனவர்கள் ஏன் திரும்பவில்லை என்று இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் புரிந்தது. அவர்களுக்கு வீடு பிடிக்காமல் இல்லை, நகையை வைத்தாலும் காசு எட்டவில்லை.

படி 3: சொல்லும் விலை

பேரம் பேசாமல் யாரும் வீடு வாங்க மாட்டார்கள். நீங்கள் சரி என்று சொல்லக்கூடிய தொகைக்கு மேல் ஐந்து சதவீதம் போல வைத்தால் போதும். நாங்கள் 28.5 வைத்தோம். 15, 20 சதவீதம் ஏற்றி வைத்தால் பேரம் பேசக்கூட யாரும் வர மாட்டார்கள். இணையத்தில் தேடுபவர்கள் "30 லட்சத்துக்குள்" என்று வடிகட்டித்தான் தேடுகிறார்கள். 30.5 போட்டால் அவர்கள் கண்ணிலேயே படாது.

வழிகாட்டி மதிப்புக்கு மிகவும் கீழே விற்பதாக இருந்தால் மட்டும் ஆடிட்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வருமான வரிக்கு அந்த மதிப்பையே விற்ற விலையாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

படி 4: பெயின்டுக்கு முன்னால் ஓதம்

வீடு பார்க்க வருகிறவர் செருப்பைக் கழற்றி உள்ளே வந்ததும் முதலில் தெரிவது வாசனை. ஓத வாடை அடித்தால் மற்றது எதுவும் கண்ணில் படாது. அதனால் செலவு செய்ய உங்களிடம் 40,000 ரூபாய் இருந்தால் முதல் பங்கு மொட்டை மாடிக்கு. தட்டோடுகளுக்கு நடுவே விரிசல்களை அடையுங்கள். மழைநீர்க் குழாயின் வாயில் குப்பை இருந்தால் எடுங்கள். குளியலறைச் சுவரின் மறுபக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். கசிவை நிறுத்தி, சுவரை நன்றாகக் காயவிட்டு, அதற்கப்புறம் பெயின்ட். ஒரே ஒரு சுவரில் மட்டும் புதுப் பெயின்ட் பளபளத்தால், வருகிறவர் நேராக அந்தச் சுவரைத்தான் தட்டிப் பார்ப்பார்.

நிறம் வெள்ளையை ஒட்டி இருக்கட்டும். எங்கள் ஹாலில் பச்சையும் ரோஸும் இருந்தன. அம்மாவுக்குப் பிடித்தவை. வெள்ளை அடித்த அன்று அறை ஒரு அடி அகலமானது போல இருந்தது.

ஒழுகும் குழாய், உடைந்த சுவிட்ச், அடியில் இற்றுப்போன குளியலறைக் கதவு, இவற்றை மாற்றுங்கள். மாடுலர் கிச்சன் போடாதீர்கள். அந்தக் காசு திரும்பி வராது.

படி 5: தரையைக் காட்டுங்கள்

சின்ன வீட்டில் தரை எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு பெரியதாக வீடு தெரியும். ஜன்னலை மறைத்து நிற்கும் பீரோவை நகர்த்துங்கள். பரணில் உள்ள உடைந்த மிக்சி, பழைய பாய், யாரோ வந்து எடுத்துக்கொண்டு போவதாகச் சொன்ன சைக்கிள், எல்லாம் கிளம்பட்டும். காலண்டர் ஒன்று போதும், மற்ற ஆணிகளைப் பிடுங்கி ஓட்டையை அடையுங்கள்.

ஆனால் வீட்டை முழுக்கக் காலி செய்துவிட்டுக் காட்டாதீர்கள். வெறும் அறையைப் பார்த்தால் அதில் கட்டில் அடங்குமா என்று யாருக்கும் மனக்கணக்கு வராது, சின்னதாகத்தான் தோன்றும். படுக்கையறையில் ஒரு இரட்டைக் கட்டில், ஹாலில் இரண்டு நாற்காலி, சமையலறையில் அடுப்பு. கட்டிலைச் சுற்றி நடக்க இடம் இருப்பது தெரிந்தாலே ஒரு கேள்வி குறைந்தது.

படி 6: படமும் விளம்பரமும்

கிழக்குப் பார்த்த வீடானால் முகப்பைக் காலையில் எடுங்கள், மேற்கானால் மாலையில். அறையின் மூலையில் நின்று, போனைப் படுக்கையாக மார்பு உயரத்தில் பிடித்து, எல்லா ஜன்னலையும் திறந்துவைத்து எடுங்கள். அகலமாகக் காட்டும் 0.5 லென்ஸ் வேண்டாம். படத்தில் கல்யாண மண்டபம் போலத் தெரிந்த ஹால் நேரில் பத்தடி என்றால், வந்தவர் முகம் வாசலிலேயே விழுந்துவிடும்.

விளம்பரத்தில் "அழகிய கனவு இல்லம்" என்று எழுதுவதால் யாருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை. நாங்கள் போட்டது இப்படி:

"தனி வீடு. மனை 2 சென்ட் (871 சதுர அடி), கட்டடம் 600 சதுர அடி, வயது 22. கிழக்கு வாசல், 20 அடிச் சாலை. ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை. போர் தண்ணீர், மாநகராட்சிக் குழாய், பாதாளச் சாக்கடை உண்டு. இரண்டு பைக் நிறுத்தலாம், கார் நிற்காது. பட்டா உரிமையாளர் பெயரில். விலை 28.5 லட்சம்."

கார் நிற்காது என்பதை எழுத அண்ணனுக்கு மனமே இல்லை. எழுதிய பிறகு வீண் அலைச்சல் பாதியாகக் குறைந்தது. "அவசர விற்பனை" என்று மட்டும் போடாதீர்கள், அடிமாட்டு விலைக்குக் கேட்க ஆள் வருவார்கள்.

படி 7: ஃபைல்

மூலப் பத்திரம், அதற்கு முந்தைய கைமாற்றங்களைக் காட்டும் தாய்ப்பத்திரங்கள், பட்டா, 30 வருஷ வில்லங்கச் சான்றிதழ், கட்டட அனுமதி வரைபடம், சொத்து வரி ரசீது, மின் கட்டண ரசீது. பெற்றோர் பெயரில் இருந்து வந்த சொத்து என்றால் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும். பத்திரம் வங்கியில் இருந்தால் கடன் பாக்கி எவ்வளவு என்று எழுதி வாங்கிவையுங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் விளம்பரத்துக்கு முன்னால் மாற்றிவிடுங்கள். வீடு பிடித்துத் திரும்பி வந்தவர் வங்கி வக்கீலிடம் மாட்டிக்கொண்டு நழுவுவது இங்கேதான். நகல்களை அக்கறை உள்ளவரிடம் மட்டும் கொடுங்கள், வாட்ஸப்பில் எல்லோருக்கும் தட்டிவிட வேண்டாம்.

படி 8: ஆள் வரும் நாள்

ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்கள். மாலை 4.30 முதல் 6 வரை ராகு காலம், பலர் வர மாட்டார்கள். காலை எட்டில் இருந்து பத்து வரை வசதியான நேரம், வெளிச்சமும் இருக்கும். மீன் பொரிப்பதைப் பிற்பாடு வைத்துக்கொள்ளுங்கள். சாம்பிராணியை அளவோடு போடுங்கள், புகை மண்டினால் எதை மறைக்கிறார்கள் என்று தோன்றும். மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் வருவதைக் காட்டுங்கள். உப்புத் தண்ணீர் என்றால் கேட்டவுடன் சொல்லிவிடுங்கள், குழாயில் படிந்திருக்கும் வெள்ளை எப்படியும் காட்டிக்கொடுத்துவிடும்.

காட்டுவதற்கு வீட்டில் ஒருவர் போதும். எங்கள் அம்மா வருகிறவர்களிடமெல்லாம் "இந்த வீட்ட விக்க எனக்கு மனசே இல்லப்பா" என்று சொல்லிக் கண்கலங்கினார். ஒரு தம்பதி அப்படியே எழுந்து போய்விட்டார்கள். பிறகு ஞாயிறு காலைகளில் அம்மாவைச் சித்தி வீட்டுக்கு அனுப்பினோம்.

ஆளே வரவில்லையா?

படம் பார்த்துவிட்டு யாரும் கூப்பிடவில்லை என்றால் விலையையும் படத்தையும் பாருங்கள். வந்து பார்த்தவர்கள் திரும்பவில்லை என்றால் வீட்டில் ஏதோ உறுத்துகிறது. பழகிய ஒருவரை அழைத்துவந்து முகத்துக்கு நேரே சொல்லச் சொல்லுங்கள். குடும்பத்தோடு இரண்டாம் தடவை வந்த பிறகு பேச்சு நின்றுபோனால் பத்திரமோ கடனோ இடிக்கிறது. ஆடியும் மார்கழியும் எப்படியும் மந்தம், அப்போது பதறி விலையைக் குறைக்க வேண்டாம். தையிலும் ஆவணியிலும் குறைக்க நேர்ந்தால் ஒரே தடவையில் கண்ணுக்குத் தெரியும்படி குறையுங்கள். மாதம் இருபதாயிரமாகக் குறைத்தால், இன்னும் இறங்கும் என்று காத்திருப்பார்கள்.

விலை படிந்ததும் முன்பணத்தை வங்கி வழியாக வாங்கி, எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். அசையாச் சொத்துக்கான முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம். பதிவுக்கு முந்தின நாள் சொத்து வரியையும் மின் கட்டணத்தையும் பாக்கியில்லாமல் கட்டி, மீட்டரில் ஓடிய யூனிட்டைப் படம் எடுத்து வாங்குபவருக்கு அனுப்பிவிடுங்கள்.