தோற்கும் அணி பயிற்சியாளரை மாற்றுவதற்கு முன்

தொடர்ந்து நான்கைந்து ஆட்டங்களில் தோற்றுவிட்டால், டெல்டாவின் எந்த ஊர்க் கால்பந்து அணியிலும் முதலில் எழும் குரல் "கோச்சை மாத்துங்க" என்பதுதான். அந்தக் குரல் சில நேரம் சரியாகவே இருக்கும். ஆனால் முடிவுக்கு வரும் வழியில் நாம் செய்யும் தவறுகள் அணியை மேலும் சரித்துவிடுகின்றன.

கோல் கணக்கை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதுவதே இவற்றில் பெரிய தவறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் களிமண் மைதானங்களில் நீர் எளிதில் வடியாது. கும்பகோணத்துக்கு அருகே அப்படியொரு மைதானத்தில், கோல்கீப்பரையும் தாண்டி எங்கள் ஃபார்வர்டு உருட்டிவிட்ட பந்து, கோட்டுக்கு ஒரு முழம் முன்னே தேங்கிய நீரில் நின்றுவிட்டது. எதிரணித் தடுப்பாட்டக்காரர் ஓடிவந்து அதை வெளியே உதைத்தார். 0–1 என்று தோற்றோம். மூன்று வாரமாகப் பயிற்சியே நடக்காத அணியின் அந்தத் தோல்வியைப் பயிற்சியாளர் தலையில் கட்டுவது நியாயமில்லை. எத்தனை தெளிவான வாய்ப்புகள் உருவாயின, எத்தனை கொடுத்தோம், கடைசி இருபது நிமிடத்தில் வீரர்கள் அவர் சொன்னபடி ஆடுகிறார்களா என்பதைக் குறைந்தது பத்து ஆட்டங்களுக்காவது நோட்டில் குறித்து வைத்துப் பேச வேண்டும்.

பழைய கோப்பைக்காக ஒருவரை வைத்துக்கொண்டே இருப்பதும் தவறுதான். ஜான் கிரெகரியின் பயிற்சியில் 2017–18 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை வென்ற ‘சென்னையின் எஃப்சி’ அணி, அடுத்த பருவத்தில் 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள் மட்டுமே எடுத்துக் கடைசி இடத்தில் நின்றது. ஆனாலும் அவர் தொடர்ந்தார். 2019–20 பருவத்தின் முதல் ஆறு ஆட்டங்களில் ஒரே வெற்றி என்றான பிறகே விலகினார். அவருக்குப் பின் வந்த ஓவன் கோய்ல், பெரும்பாலும் அதே வீரர்களுடன் அணியை இறுதியாட்டம் வரை கொண்டுசென்றார். அதில் கொல்கத்தா அணியான ஏடிகேவிடம் 1–3 எனத் தோற்றாலும், வீரர்களிடம் திறமை இருந்தது என்பது தெளிவானது.

பொறுமை வேண்டும் என்போர் தவறாமல் அலெக்ஸ் ஃபெர்குசனை இழுப்பார்கள். 1986-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் அணிக்குப் பயிற்சியாளராக வந்த அவர் முதல் கோப்பையை 1990-இல்தான் வென்றார் என்பது உண்மையே. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் இளம் வீரர்களை வளர்க்கும் அமைப்பைக் கட்டிக்கொண்டிருந்தார். நம் பயிற்சியாளர் எதைக் கட்டுகிறார் என்று கேட்காமல் அந்தப் பெயரைச் சொல்வதில் பயனில்லை.

மாற்றுவதென்றே முடிவானால், அடுத்தவர் யார் என்று தெரியாமல் மாற்றாதீர்கள். தோற்ற அன்று மாலையே கமிட்டி கூடுவதையும் தவிர்க்க வேண்டும். இருப்பவரிடம் செயலாளர் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் வீரர்கள் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகு அவர் மைதானத்துக்கு வந்து நிற்கும்படி விடக்கூடாது.