புதிய எலக்ட்ரானிக் ஆல்பம் ஒன்றைக் கேட்டு அபிப்பிராயம் சொல்வது எப்படி

2015 ஜூலை முதல் உலகெங்கும் புதிய ஆல்பங்கள் வெள்ளிக்கிழமைகளில் வெளியாகின்றன. வெள்ளி காலையில் வந்த ஆல்பத்தைப் பற்றிய தீர்ப்புகள் அன்று மாலைக்குள் குவிந்துவிடுகின்றன. ஒரே கேட்பில் மனத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்றே அமைக்கப்பட்ட பாடல்களுக்கு இந்த வேகம் பொருந்தலாம். வழக்கமான பாட்டு வடிவத்திலிருந்து விலகும் ஆல்டர்நேட்டிவ் இசைக்கும், மின்னணுக் கருவிகளாலும் கணினியாலும் உருவாக்கும் எலக்ட்ரானிக் இசைக்கும் அது பொருந்தாது. ரேடியோஹெட் குழுவின் ‘கிட் ஏ’ 2000 அக்டோபரில் வந்தபோது, முந்தைய ஆல்பங்களின் கிட்டார் இசையை எதிர்பார்த்திருந்த விமர்சகர்கள் சிலர் அதைக் கடுமையாகச் சாடினார்கள். அந்தப் பத்தாண்டு முடிந்தபோது ரோலிங் ஸ்டோன் இதழும் பிட்ச்ஃபோர்க் தளமும் அதே ஆல்பத்தைப் பத்தாண்டின் தலைசிறந்த ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தன. ஒலிப்பதிவில் ஒரு நொடியும் மாறியிருக்கவில்லை. கேட்டவர்கள் மீண்டும் மீண்டும் கேட்டிருந்தார்கள். இவ்வகை ஆல்பத்தைப் பற்றி மதிக்கத்தக்க ஓர் அபிப்பிராயத்துக்கு வர நான் பின்பற்றும் முறையை, அதைப் புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்களையும் மனத்தில் வைத்து, இங்கே எழுதுகிறேன்.

முதலில் இசை கேட்கும் செயலியின் அமைப்புகளைச் சரிசெய்துகொள்ளுங்கள். பாட்டுகளை வரிசை மாற்றிப் போடும் ஷஃபிளை அணைத்துவிட வேண்டும். ஒரு பாட்டின் முடிவையும் அடுத்த பாட்டின் தொடக்கத்தையும் கலந்துவிடும் கிராஸ்ஃபேடையும் அணைத்துவிட வேண்டும், ஏனென்றால் பாட்டுகளுக்கு நடுவே உள்ள மௌனத்தையும் கலைஞர் அளந்துதான் வைத்திருக்கிறார். ஒலியளவைச் சமப்படுத்தும் நார்மலைசேஷன் அமைப்பை மட்டும் இயக்கத்திலேயே விடலாம். இரண்டு ஆல்பங்களை ஒப்பிடும்போது எது சற்று உரக்க ஒலிக்கிறதோ அதுவே நன்றாக இருப்பதாகக் காது நம்பிவிடும். அந்த மயக்கத்தை இந்த அமைப்பு தவிர்க்கிறது.

அடுத்தது ஹெட்ஃபோன். விலை உயர்ந்தது வேண்டியதில்லை. பேஸ் எனப்படும் தாழ்ந்த ஸ்தாயியை ஒழுங்காகத் தரும் ஒயர் ஹெட்ஃபோன் போதும். ஆனால் கைபேசியின் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு ஓர் எலக்ட்ரானிக் ஆல்பத்தைப் பற்றித் தயவுசெய்து எதுவும் சொல்லிவிடாதீர்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கர் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகளில் ஏறக்குறைய எதையுமே தருவதில்லை. இந்த இசையின் பாதி உயிர் அங்கேதான் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் மாஸிவ் அட்டாக் குழுவின் ‘மெஸனைன்’ ஆல்பத்தில், 1998இல் வந்தது, முதல் பாட்டான ‘ஏஞ்ச’லைக் கைபேசியில் ஒரு முறையும் ஹெட்ஃபோனில் ஒரு முறையும் கேட்டுப் பாருங்கள். கைபேசியில் தொடக்கம் ஏதோ மெல்லிய தட்டல் போல இருக்கும், பாடகர் ஹோரஸ் ஆண்டியின் குரல் வரும்போதுதான் பாட்டே தொடங்குவதாகத் தோன்றும். ஹெட்ஃபோனிலோ முதல் நொடியிலிருந்தே ஒரு கனத்த பேஸ் அடியில் ஊர்ந்து வருவது தெரியும். பின்னால் கிட்டார்கள் வெடிக்கும்போது அது ஏன் அவ்வளவு பெரிதாகப் படுகிறது என்பது அந்த பேஸைக் கேட்டவருக்கு மட்டுமே விளங்கும்.

முதல் கேட்பை முழுமையாக, இடைநிறுத்தாமல், வேறு வேலை எதுவும் செய்யாமல் கேட்க வேண்டும். விமர்சனங்களை அதற்கு முன் படிக்க வேண்டாம். கையில் ஒரு தாளும் பேனாவும் இருந்தால் போதும். எங்கே காது நிமிர்ந்தது, எங்கே கவனம் நழுவியது என்பதைப் பாட்டின் பெயரோடும் நேரத்தோடும் குறித்துக்கொள்ளுங்கள். ‘அருமை’, ‘மோசம்’ என்றெல்லாம் எழுதாமல், நடந்ததை மட்டும் எழுதுங்கள்: ‘மூன்றாவது நிமிடத்தில் ட்ரம்ஸ் நின்றுவிட்டது, குரல் தனியாக நிற்கிறது’ என்பது போல. போர்டிஸ்ஹெட் குழு பதினோரு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2008இல் வெளியிட்ட ‘தேர்ட்’ ஆல்பத்தின் முதல் பாட்டு ‘சைலன்ஸ்’. தாளம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கத்தரித்தாற்போல, இசைத் தொடரின் நடுவில் அது அறுந்துவிடும். இணையம் துண்டித்துவிட்டதோ என்று நினைக்கத் தோன்றும். அந்தத் திடுக்கிடலை அப்படியே குறித்து வைத்துக்கொண்டவர், ஆல்பம் முழுவதும் கேட்பவரை ஆறுதலாக உட்கார விடாத இசை இது என்பதை ஐந்தாவது, ஆறாவது பாட்டுக்குள் கண்டுகொள்வார். கேட்டுக்கொண்டே வேறு வேலை பார்த்தவருக்கு அது ஒரு கோளாறாக மட்டுமே எஞ்சும்.

இரண்டாவது கேட்புக்கும் முதல் கேட்புக்கும் இடையே ஒரு நாளாவது இடைவெளி விடுவது நல்லது. இரண்டாவதிலிருந்துதான் உண்மையான வேலை தொடங்குகிறது. ஒவ்வொரு முறையும் ஓர் அடுக்கை மட்டும் பிடித்துக்கொண்டு தொடர வேண்டும்: ஒரு முறை தாளத்தை, ஒரு முறை பேஸை, ஒரு முறை பின்னணியில் கிடக்கும் ஓசைகளை. சினிமாப் பாடல்களைக் கேட்டு வளர்ந்த நம் காது இயல்பாகவே குரலைத் தேடி ஓடும். பல்லவி எங்கே, சரணம் எங்கே என்று பார்க்கும். குரல் இல்லாத இடத்தை இடையிசை என்று ஒதுக்கிவிடும். இந்த இசையில் குரல் பல நேரங்களில் இன்னொரு வாத்தியம் மட்டுமே. ‘கிட் ஏ’வின் தலைப்புப் பாட்டில் ரேடியோஹெட் பாடகர் தாம் யார்க்கின் குரல் சொற்கள் புரியாத அளவுக்கு உருமாற்றப்பட்டிருக்கிறது. சொற்களைப் பிடிக்க முயல்பவர் அந்தப் பாட்டில் தோற்றுப்போவார். குரலின் ஓசையைத் தொடர்பவருக்கு அதில் இருக்கும் தாலாட்டுத் தன்மை கேட்கும்.

தாளத்தைத் தொடர்வதில் கிடைக்கும் பலனுக்கு பெரியல் என்ற பெயரில் இசையமைக்கும் லண்டன் கலைஞரின் ‘அன்ட்ரூ’வை விடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. 2007 நவம்பரில் ஹைப்பர்டப் நிறுவனம் வெளியிட்ட ஆல்பம் அது. எலக்ட்ரானிக் இசை செய்பவர்கள் பெரும்பாலும் ட்ரம்ஸ் அடிகளைக் ஒலிகளை நேரப்படி வரிசைப்படுத்தும் சீக்வென்சரில், கட்டம் போட்ட திரையில் வரிசையாக அடுக்குவார்கள். அதனால் ஒவ்வோர் அடியும் அணுப்பிசகாமல் இடத்தில் விழும். பெரியல் அப்படிச் செய்யவில்லை. சவுண்ட் ஃபோர்ஜ் என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில், திரையில் தெரியும் அலைவடிவத்தைக் கண்ணால் பார்த்தே அடிகளை ஒட்டினார். அதன் விளைவை ‘ஆர்க்கேஞ்சல்’ பாட்டில் கேட்கலாம். அடிகள் சில சற்று முந்தியும் சில சற்றுப் பிந்தியும் விழுகின்றன. இயந்திரத்தின் தாளம் என்று நினைத்தது கால் இடறி நடக்கும் மனிதருடைய நடையாகிறது. மேலே பழைய இசைத்தட்டின் கரகரப்பும் மழை போன்ற இரைச்சலும் போர்த்தியிருக்கின்றன. குரல் வேறொரு பாடகரின் பாட்டிலிருந்து வெட்டி எடுத்து, ஸ்தாயி மாற்றி ஒட்டப்பட்டது. இவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்ட பிறகு மொத்தமாக ஒரு முறை கேளுங்கள். முதல் கேட்பில் ‘சோகமாக இருக்கிறது’ என்று மட்டும் தோன்றிய ஆல்பத்தின் சோகம் எங்கிருந்து பிறக்கிறது என்று இப்போது உங்களால் விரல் வைத்துக் காட்ட முடியும். அந்த ஆற்றல்தான் அபிப்பிராயத்துக்கு அடிப்படை.

சாம்பிள்கள், அதாவது வேறு பதிவுகளிலிருந்து வெட்டி எடுத்த ஒலித் துண்டுகள், எங்கிருந்து வந்தன என்று அறிந்துகொள்வதும் இந்தக் கட்டத்தில் பயன்படும். அதற்கு முன் வேண்டாம். ‘கிட் ஏ’வில் ‘இடியோடெக்’ பாட்டைத் தாங்கி நிற்கும் நான்கு கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்), பால் லான்ஸ்கி என்ற அமெரிக்க இசையமைப்பாளர் 1973இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஐபிஎம் கணினியில் உருவாக்கிய படைப்பிலிருந்து எடுத்தவை. ரேடியோஹெட்டின் ஜானி கிரீன்வுட் அந்தத் துண்டையும் சேர்த்துச் செய்த ஏறக்குறைய 50 நிமிட ஒலிச் சோதனைப் பதிவிலிருந்து ஒரு நிமிடத்துக்கும் குறைவான பகுதியைத் தாம் யார்க் தேர்ந்தெடுத்து, அதன்மேல் பாட்டைக் கட்டினார். இதைத் தெரிந்துகொண்டதால் பாட்டு நல்லதாகவோ கெட்டதாகவோ ஆகிவிடாது. ஆனால் அந்தக் கார்டுகளில் ஒலிக்கும் பழமையான குளிர்ச்சிக்குக் காரணம் விளங்கும். கணினி இசையின் தொடக்க காலத்தையும் நடன அரங்கின் தாளத்தையும் ஒரே பாட்டில் மோதவிட்ட துணிச்சலையும் மதிப்பிட முடியும்.

‘ஒரே மாதிரியாகத் திரும்பத் திரும்ப வருகிறது’ என்பது இந்த இசையின் மேல் நம்மவர்கள் வைக்கும் முதல் குற்றச்சாட்டு. திரும்ப வருவது குறையா, குணமா என்பதை முடிவு செய்ய ஒரு வழி உண்டு: திரும்ப வரும் பகுதியை விட்டுவிட்டு, அதைச் சுற்றி என்ன மாறுகிறது என்று கேட்க வேண்டும். ஃப்ளோட்டிங் பாயிண்ட்ஸ் என்ற பெயரில் இயங்கும் சாம் ஷெப்பர்ட், சாக்ஸஃபோன் மேதை ஃபரோவா சாண்டர்ஸுடனும் லண்டன் சிம்ஃபொனி ஆர்கெஸ்ட்ராவுடனும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ‘ப்ராமிசஸ்’ இதற்கு நல்ல பயிற்சி. ஒன்பது பகுதிகள் கொண்ட, முக்கால் மணி நேரம் ஓடும் அந்தப் படைப்பில் ஏழு ஸ்வரங்கள் கொண்ட சிறு சொற்றொடர் ஒன்று ஏறக்குறைய முழுவதும் திரும்ப வந்துகொண்டே இருக்கிறது. கச்சேரியில் தம்புரா மாறாமல் ஒலிப்பதை யாரும் சலிப்பு என்று சொல்வதில்லை. அதை வைத்தே பாடகரின் ஒவ்வோர் அசைவையும் அளக்கிறோம். இங்கும் அப்படித்தான். அந்தச் சொற்றொடர் நிலையாக இருப்பதால்தான் எண்பதை நெருங்கிய வயதில் சாண்டர்ஸ் ஊதும் மூச்சின் நடுக்கம்கூடத் துல்லியமாகக் கேட்கிறது. ஆறாவது பகுதியில் வயலின்கள் பொங்கி எழும்போது அது எவ்வளவு உயரம் என்று உணர முடிகிறது. அதே சமயம், சுற்றிலும் எதுவும் மாறாமல், எட்டு நிமிடம் ஒரே லூப் (திரும்பத் திரும்ப ஓடும் ஒலித் துண்டு) ஓடிக்கொண்டிருக்கும் பாட்டுகளும் நிறைய வருகின்றன. அவற்றைச் சலிப்பு என்று தயங்காமல் சொல்லலாம்.

கலைஞரின் முந்தைய ஆல்பத்தோடு ஒப்பிடுவதில் கவனம் வேண்டும். ‘ப்ராமிசஸ்’ கேட்டு மயங்கியவர்கள் அதே கலைஞர் 2024 செப்டம்பரில் வெளியிட்ட ‘காஸ்கேட்’ ஆல்பத்தைக் கேட்டு ஏமாந்திருக்கக்கூடும். அது நேராக நடன அரங்குக்குச் செய்த இசை. அதை ‘ப்ராமிசஸ்’ இல்லை என்று குறை சொல்வது நியாயமில்லை. நடனத்துக்கான இசையாக அது எப்படி நிற்கிறது என்பதுதான் கேள்வி. என் கருத்தில் நன்றாகவே நிற்கிறது. தாளம் நிமிர்ந்து ஓடுகிறது, ஆனால் மேலே விழும் சின்தசைசர் கோலங்கள் ஓரிடத்தில் தங்காமல் நிறம் மாறிக்கொண்டே இருப்பதால் வீட்டில் உட்கார்ந்து கேட்பவரையும் அது பிடித்து வைக்கிறது. அதே மாதத்தில் வந்த ஜேமி எக்ஸ்எக்ஸின் ‘இன் வேவ்ஸ்’ எனக்கு அவ்வளவு நிறைவு தரவில்லை. 2015இல் வந்த ‘இன் கல’ருக்கு ஒன்பது ஆண்டு கழித்து வந்த ஆல்பம் அது. ராபின், ஹனி டிஜான், தி அவலாஞ்சஸ் என்று விருந்தினர் பலர் வருகிறார்கள். ஒவ்வொரு பாட்டும் தனியாகக் கேட்டால் மின்னுகிறது. ஆனால் ‘இன் கல’ரில் கொண்டாட்டத்துக்கு நடுவே படிந்திருந்த தனிமை இங்கே மெலிந்துவிட்டது. முந்தையதைப் போல இல்லை என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அடுத்தடுத்து உச்சங்களையே வைத்தால் எந்த உச்சமும் உறைக்காது என்பதற்காகவே சொல்கிறேன்.

இனி எழுதும் கட்டம். ‘வித்தியாசமான முயற்சி’, ‘மனத்தை வருடும் இசை’, ‘வேற லெவல்’ போன்ற தொடர்களை எந்த ஆல்பத்துக்கும் ஒட்டிவிடலாம். ஆகவே அவற்றால் எந்த ஆல்பத்தைப் பற்றியும் எதுவும் தெரியவராது. ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் பின்னால் கேட்கத்தக்க ஒரு ஓசை இருக்க வேண்டும் என்பது நான் வைத்துக்கொண்டிருக்கும் விதி. 2024 மே மாதம் வந்த பெத் கிப்பன்ஸின் ‘லைவ்ஸ் அவுட்க்ரோன்’ ஆல்பத்தை அந்த ஆண்டின் மிகச் சிறந்ததாக நான் மதிக்கிறேன். அப்படிச் சொன்னால் மட்டும் போதாது. போர்டிஸ்ஹெட்டின் பாடகியான அவர் இந்த ஆல்பத்தில் முதுமையையும் இழப்பையும் பாடுகிறார். ‘ஃப்ளோட்டிங் ஆன் எ மொமென்ட்’ பாட்டில், சாவை நோக்கிய பயணத்தைப் பற்றிய வரிகளுக்குக் குழந்தைகளின் கோரஸ் துணை வருகிறது. அந்தத் தெளிந்த குரல்களுக்கு முன்னால் அவருடைய குரலின் கீறல்கள் இன்னும் கூர்மையாகத் தெரிகின்றன. ட்ரம்ஸும் பளீரென்று அடிக்காமல், கட்டையையும் தோலையும் தட்டுவது போன்ற மங்கிய ஓசைகளாக வருவதால், குரலுக்கு முன்னால் எதுவும் வந்து நிற்பதில்லை. இதைப் படிப்பவர் என்னோடு உடன்படாமல் போகலாம். ஆனால் எங்கே காது வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

பிடிக்காததைச் சொல்லும்போது இந்த விதி இன்னும் கண்டிப்பாக வேண்டும். ‘எனக்கு ஒட்டவில்லை’ என்பது நேர்மையான வாக்கியம். ‘இது இசையே இல்லை’ என்பது அப்படியல்ல. கலைஞர் எதைச் செய்ய முயன்றார் என்று ஒரு வரியிலாவது எழுதிவிட்டு, அது எந்த இடத்தில் கைகூடவில்லை என்று காட்டுங்கள். நான்கு பாட்டுகள் நன்றாக இருந்து ஐந்து தளர்ந்திருந்தால் அந்த நான்கின் பெயர்களையும் எழுதுங்கள். படிப்பவருக்கு அதுவே பெரிய உதவி. மதிப்பெண் போடும் வழக்கத்தை நான் கைவிடச் சொல்வேன். பத்துக்கு ஏழு என்று போட்டுவிட்டால் படிப்பவர் எண்ணோடு நின்றுவிடுகிறார்.

எழுதியதை உடனே வெளியிடாமல் ஒரு வாரம் வைத்திருந்து, ஆல்பத்தை இன்னொரு முறை கேட்டு, முதல் நாள் குறிப்புத் தாளையும் பக்கத்தில் வைத்துத் திருத்துங்கள். கவனம் நழுவியதாகக் குறித்த பாட்டுகளில் ஒன்றாவது இதற்குள் பிடித்துப்போயிருக்கும்; முதல் நாள் மயக்கிய ஒன்று வெளிறியிருக்கும். இரண்டு செய்தியையும் கட்டுரையில் சேர்க்கலாம். ஆல்பம் உண்மையிலேயே பிடித்திருந்தால் அதை விலை கொடுத்து வாங்குங்கள். ஸ்ட்ரீமிங்கில் ஒரு கேட்புக்குக் கலைஞருக்குக் கிடைப்பது மிகச் சொற்பம். பேண்ட்கேம்ப் தளத்தில் விற்கும் டிஜிட்டல் ஆல்பத்தின் விலையில் தளம் எடுத்துக்கொள்வது 15 சதவீதம்தான். பணப் பரிமாற்றச் செலவு போக மீதி கலைஞருக்கோ அவருடைய நிறுவனத்துக்கோ போகிறது. தரம் குறையாத ஃப்ளாக் கோப்புகளாக இறக்கிக்கொள்ளவும் அங்கே வசதி உண்டு.