நெரிகோமி: மண்ணுக்குள்ளேயே கட்டம் போடுவது எப்படி

ஜப்பானிய மட்பாண்ட முறையான நெரிகோமியில் வடிவம் மேலே தீட்டப்படுவதில்லை. நிறமேற்றிய களிமண்ணை அடுக்கி அறுக்கும்போது மண்ணுக்குள்ளேயே அது உருவாகிறது. தட்டைத் திருப்பினாலும் அதே கட்டம்தான். முதன்முறை செய்பவர்களுக்கு ஏற்றது இச்சிமாட்சு எனப்படும் இருநிறக் கட்டம். 18ஆம் நூற்றாண்டில் கபுகி என்ற ஜப்பானிய நாடக வகையில் நடித்த சானோகாவா இச்சிமாட்சு அணிந்த உடையால் வந்த பெயர் அது.

இரண்டு நிறங்களுக்கும் ஒரே வெள்ளைக் களிமண்ணையே எடுங்கள். வெவ்வேறு மண் வெவ்வேறு அளவு சுருங்கும், ஒட்டு பிளக்கும். ஈரமண் 1 கிலோவைச் சரிபாதியாகப் பிரியுங்கள். அரைக் கிலோ ஈரமண்ணில் உலர்மண் ஏறக்குறைய 400 கிராம் இருக்கும். நிறப்பொடியை இந்த உலர் எடைக்குத்தான் கணக்கிட வேண்டும்: நீலத்துக்கு 1 சதவீதம் கோபால்ட் ஆக்சைடு, அதாவது 4 கிராம். முகமூடி, கையுறை அணிந்து, பொடியைத் தண்ணீரில் விழுதாக்கி, திட்டுத் தெரியாத வரை பிசையுங்கள். விழுதின் ஈரத்தால் நீலமண் இளகிவிடும். வெள்ளையின் பதத்துக்கு வரும்வரை அதை உலரவிடுங்கள், அவசரப்பட வேண்டாம்.

ஒவ்வொரு நிறத்திலும் 8 செ.மீ. சதுரம், 1 செ.மீ. கனத்தில் நான்கு பலகைகள் வெட்டுங்கள். பரப்பை லேசாகக் கீறி, அதே வெள்ளை மண்ணின் நீர்த்த குழம்பை மெல்லியதாகத் தடவி, நிறம் மாற்றி மாற்றி அடுக்குங்கள். நடுவிலிருந்து வெளிப்புறமாக அழுத்தினால் காற்று வெளியேறும். பிளாஸ்டிக்கில் சுற்றி ஒரு நாள் வைத்தால் ஈரம் சமமாகும். பிறகு கம்பியால் செங்குத்தாக 1 செ.மீ. பட்டைகளாக அறுத்து, ஒன்றுவிட்டு ஒன்றைத் தலைகீழாக்கி மறுபடி ஒட்டுங்கள். கட்டம் தெரியும் முகத்துக்கு இணையாக 6 மி.மீ. வில்லைகள் அறுங்கள். நான்கு வில்லைகளைச் சேர்த்தால் 16 செ.மீ. தட்டு, அடுக்கு எட்டு என்பதால் கட்டம் தடைபடாமல் தொடரும்.

சேர்த்த தட்டை உருளைக்கட்டையால் உருட்டும்போது நான்கு திசையிலும் சமமாக உருட்டுங்கள், இல்லையெனில் சதுரம் சாயும். தட்டுக்கு வளைவு கொடுக்கக் குழிந்த பிளாஸ்டர் அச்சே நல்லது. குவிந்த அச்சில் மண் சுருங்க இடமில்லாமல் ஒட்டுகள் விரியும்.

ஒரு வாரமாவது மூடியே உலர்த்துங்கள். அறுத்த முகம் மங்கலாக இருந்தால் பயப்பட வேண்டாம். நிறம் பூசினாற்போல் இழுபட்டிருக்கிறது, அவ்வளவே. பாதி உலர்ந்து தோல்போல் விறைத்த தோல்பதத்தில் உலோகத் தகட்டால் சுரண்டினால் கோடுகள் கூர்மையாகத் தெரியும். ஈரப் பஞ்சால் துடைத்தால் நீலம் வெள்ளையில் படியும்.

முதல் சுடுதலை 900 பாகை செல்சியஸ் வரை மெதுவாகக் கொண்டு செல்லுங்கள். பிறகு சுடும்போது கண்ணாடிபோல் உருகிப் படியும் தெளிந்த மெருகை மெல்லியதாகப் பூசி, உங்கள் மண்ணுக்குரிய வெப்பத்தில் சுடுங்கள்.

உலரும்போதே ஒட்டு பிளந்தால் பெரும்பாலும் ஈர வேறுபாடு. சுட்ட பின் பிளந்தால் சுருக்க வேறுபாடு. பின்னதைக் கண்டுபிடிக்க, தொடங்கும் முன்பே இரு நிறத்திலும் ஒவ்வொரு பட்டை செய்து, 10 செ.மீ. கோடு கீறிச் சுட்டு அளந்து பாருங்கள். நீளத்தில் 1 மி.மீ.க்கு மேல் வேறுபாடு இருந்தால் அந்த இரண்டையும் சேர்க்காதீர்கள்.